கப்பல் வரும் நாள்

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுபோல, அந்தமானிலேயே வாழும் தமிழ்க் குடும்பங்கள் படிக்கும் இதழில் அந்தமானைப் பற்றி நான் எழுதப் புகுவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஒரு வாரம் தங்கியவன் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்களுக்கு எதைச் சொல்லிவிட முடியும்? ஆயினும் சங்கத்து அன்பர் ஒருவர், "வந்து போனவர் கண்ணுக்கு எங்கள் ஊர் எப்படித் தெரிந்தது என்று எழுதுங்கள், குறை கண்டிருந்தால் அதையும் எழுதுங்கள்" என்று பணித்தார். ஊரின் குறையைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என்னுடைய குறை ஒன்றைச் சொல்லாமல் இப்பிரயாணத்தை எழுதவும் இயலவில்லை. ஆதலால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா. மூன்றாண்டுகளுக்கு முன்னர் சென்னையில் பெரியதொரு நிலையத்தில், முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்திருந்தேன். ஒரு நாள் காலை, வரிசை வாயிற்படி வரையில் நீண்டிருந்த வேளையில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கசங்கிய சீட்டொன்றை உள்ளே நீட்டினார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். காலடியில் கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள். சீட்டு முன்நாள் இரவு வண்டிக்குரியது, மானாமதுரை வரையில். வண்டி போய்ப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்திருந்தது.

"கப்பல் நேற்றுக் காலையிலே வரவேண்டியது, ஐயா. இன்று விடியற்காலந்தான் கரை பிடித்தது. அண்ணன் காரியத்துக்குப் போகிறோம். இதை இன்றைக்கு மாற்றித் தாருங்கள்" என்றார்.

விதியில் அதற்கு இடமில்லை. வண்டி சென்றுவிட்டபின் அச்சீட்டு வெறுங் காகிதமே. அதை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நானோ, "கப்பலில் வருகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்திருக்கலாமே!" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன். யாரோ இருவர் சிரித்தனர். அவர் மறுமொழி கூறாமல் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அகன்றார். அன்றிரவு வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்யவில்லை. பிற்பகலில் கூட்டம் குறைந்தபின் என்னவோ மனம் உறுத்தப் பார்த்தேன். நான்கு இடங்கள் இருந்தன.

அதன்பின் எனக்குத் தெற்கே ஒரு சிறு நிலையத்துக்கு மாற்றலாயிற்று. அங்கே உடன் பணியாற்றும் நண்பர் பரமக்குடிக்காரர். அவருடைய தமையனார் நெடுங்காலமாகப் போர்ட் பிளேரில் குடியிருக்கிறார் என்பதை அறிந்தபோது, ஒரு முறை போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றிற்று. சென்ற தை மாதத்தில் பதினைந்து நாள் விடுப்பு எடுத்தேன். முதுகில் மாட்டும் பை ஒன்று. அதனுள் இரண்டு மாற்றுடை, ஒரு போர்வை, எலுமிச்சம்பழம், தமையனாருக்கென்று நண்பர் கொடுத்த கருப்பட்டிப் பொட்டலம். "பேருந்தில் போனாலே தலை சுற்றும் உங்களுக்கு, கப்பல் எதற்கு?" என்று வீட்டில் சிரித்தார்கள். ரயில்வேக்காரனுக்கு நாடு முழுவதும் பாஸ் உண்டு. ஆனால் அது சென்னைத் துறைமுகத்தின் வாயிலோடு நின்றுவிடும்! அங்கே நானும் முழுக் கட்டணம் செலுத்தும் பிரயாணிதான். தீவில் குடியுரிமைச் சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டணம் குறைவு, வெளியூரானுக்கு அதிகம்.

நான் சென்னைக்குச் சென்ற அன்றே கப்பல் புறப்பாடு ஒரு நாள் தள்ளிப் போயிற்று. மறுநாள் காலை மறுபடியும் ஒரு நாள் தள்ளிற்று. அறிவிப்பில் காரணம் ஏதும் எழுதியிருக்கவில்லை. மண்ணடியில் ஒரு விடுதியில் இரண்டு இரவுகள் வாடகை கொடுத்துக் கிடந்தேன். அந்த விடுதியின் அறைகளில் பாதி, என்னைப்போலவே கப்பலுக்குக் காத்திருந்தவர்களால் நிறைந்திருந்தன. ஒரு தாய் அறைக்கு வெளியே கல்லடுப்பில்லாக் குறையை மின்னடுப்பால் தீர்த்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். என் மனத்தில் 'ஒரு நாள் முன்னதாக' என்ற சொற்கள் முதன்முதலாக வந்து உட்கார்ந்தது அங்கேதான்.

கப்பலைப் பற்றி உங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பங்க் வகுப்பின் இரண்டடுக்குப் படுக்கைகள், எண்ணெயும் உப்புக்காற்றும் கலந்த மணம், உணவுக்கூடத்தின் வரிசை எல்லாம் நீங்கள் அறிந்தவையே. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியே ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர். அறுபது மணி நேரம் என்பது கணக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு இருபது கிலோமீட்டர். எங்கள் பகுதியில் எல்லா நிலையங்களிலும் நின்று நின்று போகும் வண்டிகூட இதைவிட விரைந்து செல்லும். முதல் நாள் எலுமிச்சம்பழம் முழுதும் செலவாயிற்று. இரண்டாம் நாள் மேல்தளத்துக்கு ஏறி வந்தபோது கடல் நீலமாகவும் இல்லை, கறுப்பாகவும் இல்லை. நம் ஊர்ச் சாயப்பட்டறைத் தொட்டியை எட்டிப் பார்த்தாற்போல் இருந்தது. பறவைக்குஞ்சுகள்போல மீன்கள் நீரிலிருந்து எழும்பிப் பறந்து மீண்டும் விழுந்தன. அன்று மாலை தளத்தில் ஒரு வயதான அம்மையார் என்னிடம், "தம்பி எந்தத் தீவிலே இருக்கீங்க?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்காமல் எந்தத் தீவு என்று ஒருவர் கேட்டது எனக்கு அதுவே முதல் தடவை.

மூன்றாம் நாள் மாலை கரும்பச்சை மலைகள் தோன்றின. ஹாடோ துறையில் இறங்கியபோது மணி ஐந்தேகால்தான். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னே இறங்கிவிட்டான். எங்கள் ஊரில் அந்நாளில் ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும். கடிகாரம் பார்த்தே பிழைக்கிறவனுக்கு இது பெரிய வியப்பு. நம் நாட்டின் திட்ட நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. போர்ட் பிளேரோ 92¾ பாகைக்கு அருகில் இருக்கிறது. ஆதலின் இங்குச் சூரியன் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடங்களுக்குச் சற்று மேல் முந்தி நடக்கிறான். 1906-இல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வருமுன் ரயில்கள் சென்னை நேரப்படி ஓடின என்பது எங்கள் இலாகாவில் பழையவர்கள் சொல்லும் செய்தி. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் ஊருக்கு ஒரு நேரம், ரயிலுக்கு ஒரு நேரம் என்று இரண்டு நேரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். இங்கேயும் சூரியனுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. கப்பலுக்கு மூன்றாவது ஒன்று உண்டென்று பின்னர்க் கண்டேன்.

துறைமுகத்து வாயிலில் பெரியவர் எனக்காக நின்றிருந்தார். இரண்டு நாள் தாமதத்துக்கு நான் வருத்தம் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தி, "கப்பல் வந்த நாள்தானே தம்பி எங்களுக்குத் தேதி" என்றார். வீட்டுக்குப் போகும் வழியெங்கும் ஏற்றமும் இறக்கமுந்தான். ஆட்டோக்காரர் இந்தியில் பேசினார். பெரியவர் தமிழில் விடை சொன்னார். ஆட்டோக்காரர் தெலுங்கில் சிரித்தார் என்று சொல்லத்தக்க விதமாக இருந்தது அவ்வூர்ப் பேச்சு. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள், அதாவது ஐம்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர். வங்காளிகளும் இந்திக்காரர்களும் நம்மைவிட அதிகம். அபர்டீன் பஜாரில் மணிக்கூண்டைச் சுற்றி நடந்தபோது, தமிழ் காதில் விழாமல் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் கழியவில்லை. 2024 செப்டம்பரில் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சோழர் கடற்படையின் நினைவும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. பலகைகளில் புதுப்பெயர் இருக்கிறது. என் காதில் விழுந்தவரை வாயில் பழைய பெயரே வருகிறது; நானும் பழைய பெயரையே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாரும் சொல்பவற்றைப் பார்த்தேன். செல்லுலார் சிறையைப் பற்றி எழுதாதவர் இல்லை. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த அக்கட்டடத்தில் நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கைகள் பிரிந்தன என்பதும், இன்று மூன்றே எஞ்சியுள்ளன என்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவர் முகம் இன்னொருவர் காணாதபடி, ஒரு வரிசைக் கதவுகள் அடுத்த வரிசையின் முதுகை நோக்குமாறு கட்டியிருக்கிறார்கள். ஓர் அறைக்குள் சென்று நின்றேன். நெடுநேரம் நிற்க முடியவில்லை. இடிக்கப்பட்ட கைகள் இருந்த வளாகத்திலேயே இன்று அரசு மருத்துவமனை இருக்கிறது. அதன் வாயிலில் காரநிகோபாரிலிருந்தும் கச்சாலிலிருந்தும் வந்த நோயாளிகள் பாயை விரித்து உட்கார்ந்திருந்ததே எனக்குச் சிறையைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது.

ராஸ் தீவுக்குப் படகில் போனேன். 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு. ஆங்கிலேயரின் தலைநகரமாயிருந்த இடத்தில் இன்று ஆலவேர்கள் சுவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மான்கள் பயமின்றி நம் பையை மோந்து பார்க்கின்றன. சாத்தம் மர அறுவை ஆலைக்கும் சென்றேன். 1883-இல் தொடங்கியது அது. முற்காலத்தில் காட்டிலாகாவினர் இத்தீவுகளில் மரம் இழுக்க டிராம் பாதைகள் போட்டிருந்தனராம். இன்று பிரயாணிகள் ஏறும் ரயில் இங்கே எங்கும் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை இருப்புப்பாதை போடும் யோசனை ஒன்று ஏட்டளவில் எழுந்ததுண்டு; தண்டவாளம் இன்னும் விழவில்லை.

ஆனால் ரயிலே இல்லாத அவ்வூரில் ரயில் முன்பதிவு அலுவலகம் ஒன்று இருக்கிறது! பெரியவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் காலை என்னை அழைத்துச் சென்று காட்டினார். என்னுடையதைப் போன்றதே சாளரம், அதே படிவம், அதே கணிப்பொறித் திரை. வரிசையில் நின்றவர்கள் கேட்ட ஊர்ப் பெயர்கள் எல்லாம் என் காதுக்குப் பழகியவை: பரமக்குடி, மானாமதுரை, விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி. என் ஊர் நிலையத்தின் வரிசையைக் கடலுக்கு இப்புறம் தூக்கி வைத்தாற்போல் இருந்தது. நான் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே கவனித்தேன். ஊர் சுற்ற வந்தவன் இதையா பார்ப்பது என்று எண்ணுவீர்கள். சிறையும் தீவும் எனக்குப் புதியவை. இது என் தொழில்.

அங்கே கண்டது இது. ஒரு குடும்பத்தார் கப்பல் சென்னை சேரும் நாளுக்கு ஒரு சீட்டும், அதற்கு மறுநாளுக்கு இன்னொரு சீட்டும் வாங்கினார்கள். இன்னொருவர் மூன்றாம் நாளுக்கும் வாங்கிவைத்தார். எந்த நாள் கப்பல் சேர்கிறதோ அந்தச் சீட்டு பயன்படும். மற்றதைக் கப்பலில் இருந்தபடியே ரத்து செய்ய வேண்டும். கடல் நடுவில் கைப்பேசி எடுக்காவிட்டால் பணம் போயிற்று. சென்னையில் இருந்த காலத்தில் இத்தகைய இரட்டைச் சீட்டுகளைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரே பெயர், ஒரே ஊர், அடுத்தடுத்த நாட்கள். தரகர் வேலை என்றே எண்ணிச் சந்தேகத்தோடு நோக்குவேன். ஏழைக் கொத்தனார் ஒருவர் கடலுக்காகக் கட்டும் காப்புத்தொகை அது என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

அன்றிரவு சாப்பாட்டின்போது, மூன்றாண்டுகளாக யாரிடமும் சொல்லாத அந்த மானாமதுரைச் சீட்டின் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பெரியம்மா கரண்டியை நிறுத்திவிட்டார். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாள் முன்னதாக வருவதென்றால் முந்தின கப்பலில் வரவேண்டும் தம்பி. முந்தின கப்பல் பத்து நாளைக்கு முன்னால்" என்றார்.

அவர் விளக்கியதை என் தொழிலின் மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். எங்களிடம் ஒரே ரேக், அதாவது ஒரே பெட்டித் தொடர், ஓர் ஊருக்குப் போய்த் திரும்பி வேறு பெயரில் இன்னோர் ஊருக்குப் புறப்படும். முதல் வண்டி மூன்று மணி தாமதமானால் இரண்டாவதும் தாமதந்தான். எங்களுக்கு மாற்றுத் தொடர் கிடைக்கும். இங்கே சென்னை, கல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைகளுக்கும் ஓடும் கப்பல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்று பழுதுபார்க்கும் துறைக்குப் போனால் மற்றொன்றின் தலையில் அதன் நடையும் ஏறுகிறது. புயற்சின்னம் தோன்றினால் எல்லாம் நிற்கும். சென்னைக்கு மாதத்தில் மூன்று நான்கு நடை கிடைத்தால் நல்ல மாதம். ஹர்ஷவர்தனா, அக்பர் என்ற பழைய கப்பல்களின் பெயரைப் பெரியவர் இறந்துபோன உறவினரைச் சொல்வதுபோல் சொன்னார். எந்த ஆண்டு எந்தக் கப்பல் எத்தனை நாள் நின்றது என்பதை, எங்கள் வீட்டுக் கிழவிகள் பஞ்சத்தைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார்.

"விமானம் இருக்கிறதே?" என்று கேட்டேன். சென்னையிலிருந்து இரண்டரை மணிக்குள் வந்துவிடலாம். 2023-இல் புதிய விமான நிலையக் கட்டடமும் திறந்தாயிற்று. "ஒருவர் போகலாம். ஐந்து பேர் போக முடியுமா?" என்றார் பெரியம்மா. அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

அவருடைய தாயார் இறந்த செய்தி வந்த கதையை அப்போதுதான் பெரியவர் சொன்னார். தந்தி மாலையில் வந்தது. கப்பல் ஆறு நாள் கழித்து. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தை அடைந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பி போட்டு, 2020 ஆகஸ்டில் அதைத் திறந்து வைத்தார்கள். போன ஆண்டு அவருடைய தம்பி மகள் இறந்தபோது, ஊரில் நடந்த சடங்கு முழுவதையும் இந்த வீட்டுத் திண்ணையில் கைப்பேசியில் பார்த்தார்களாம். "செய்தி உடனே வந்துவிடுகிறது. நாங்கள் போய்ச் சேர்வதற்கு இன்னும் அதே நாள்தான் ஆகிறது. முன்பெல்லாம் தெரியாமல் இருந்த நேரமாவது இருந்தது" என்றார் பெரியவர். அன்று எனக்கு உறக்கம் வர நெடுநேரமாயிற்று.

நான்காம் நாள் பீனிக்ஸ் பே துறையில் ஓர் அம்மையாரைக் கண்டேன். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மருத்துவமனைக்கு வந்துவிட்டுக் கச்சாலுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்காமல் ஆறாம் நாளாகக் காத்திருக்கிறார். பேச்சில் மலையகத்து வாசனை. 1964-ஆம் ஆண்டின் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களுள் சில குடும்பங்களைப் பிற்பாடு கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். அவர் அப்படிச் சென்ற ஒரு குடும்பத்து மகள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை மிகவும் அழித்த தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "எங்க அப்பாவுக்கு மூணு கடல் தாண்டின கணக்கு" என்று மட்டும் சொன்னார். கச்சாலுக்கு நானும் போக விரும்பினேன். நிகோபார்த் தீவுகளுக்கு வெளியார் செல்லத் தனி அனுமதி வேண்டும். அங்குள்ள பழங்குடிகளின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட அவ்விதி நியாயமானதே.

நிகோபார் என்றதும் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகிறது. நம் தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டிய டென்மார்க்கு நாட்டார், 1756-இல் அந்தத் தரங்கம்பாடியிலிருந்தே கப்பல் விட்டு நிகோபார்த் தீவுகளைத் தமதென்று கொண்டாடினர். சோழர் கல்வெட்டில் நக்கவாரம் என்று வரும் அதே தீவுகள்தாம். அவர்களுடைய அரசனோ கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருந்தான். அங்கிருந்து ஓர் உத்தரவு தரங்கம்பாடிக்கு வரப் பல மாதங்கள். தரங்கம்பாடியிலிருந்து நிகோபாருக்குக் கப்பல் எப்போது போகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். மொரேவியப் பாதிரிமார் 1768 முதல் 1787 வரை நன்கவுரியில் குடியிருக்க முயன்று, காய்ச்சலுக்குப் பலரைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். சோறும் மருந்தும் தரங்கம்பாடிக் கப்பலில் வரவேண்டும். அது குறித்த காலத்தில் வருவதில்லை. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்ற டென்மார்க்கு அரசு, 1868-இல் நிகோபார் உரிமையையும் விற்றுக் கையைக் கழுவிற்று. அந்தப் பாதிரிமாரும் ஏதோ ஒரு கரையில் இந்த அம்மையாரைப் போலவே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றிற்று.

ஐந்தாம் நாள் திரும்ப வேண்டியவன். கப்பல் ஏழாம் நாளுக்குத் தள்ளிற்று. கிடைத்த இரண்டு நாட்களில் வெற்றிமலை முருகனைத் தரிசித்தேன். பங்குனி உத்திரத்தன்று வந்து காவடிக் கூட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று பெரியம்மா வற்புறுத்தினார். "வருவதென்றால் மாசியிலேயே புறப்பட்டுவிடுங்கள்" என்று பெரியவர் சொன்னபோது மூவரும் சிரித்தோம். அவருடைய பேரன் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். இந்தியில் சண்டை போடுகிறான். எனக்குப் பழைய இருபது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து வந்து, அதன் பின்புறத்திலிருந்த கடலையும் தென்னையையும் காட்டி, "இது எங்க ஊர், மாமா" என்றான். அதைக் கண்ணால் காட்டிய பின்னரே விட்டான்.

திரும்பும் கப்பல் மூன்றாம் நாள் பிற்பகலில் சென்னையை அடையவேண்டியது. என் வண்டி அன்றிரவு. கரை தெரியுமுன்பே இருட்டிற்று. பிறகு நகரத்தின் விளக்குகள் வரிசையாகத் தோன்றின. கப்பல் வேகத்தைக் குறைத்தது. நங்கூரச் சங்கிலி ஓடும் ஒலி கேட்டது. துறையில் இடமில்லையாம், காலையில்தான் உள்ளே விடுவார்களாம். மேல்தளமெல்லாம் கைப்பேசி வெளிச்சம். எல்லாரும் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "தெரியுது, லைட்டெல்லாம் தெரியுது, ஆனா இறங்க முடியல்லே" என்று ஒரு பெண் யாரிடமோ அழுதுகொண்டே சொன்னாள். என் வண்டி புறப்படும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அதைக் கடந்து போயிற்று.

வரும்போது எந்தத் தீவு என்று கேட்ட அம்மையாரைப்போல் இன்னொருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, நாளைக்கு ராத்திரி பரமக்குடிக்கு இடம் கிடைக்குமா?" என்றார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த என் உத்தியோகத்தைச் சொன்னேன். அரை மணிக்குள் என்னைச் சுற்றி இருபது பேர் கூடிவிட்டனர். பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன்: மதுரைக்குப் பாண்டியன், திருநெல்வேலிக்கு நெல்லை, தூத்துக்குடிக்கு முத்துநகர், இராமேசுவரம் வழிக்குச் சேது, பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தபின் இராமேசுவரம் வரையிலேயே வண்டி மீண்டும் போகிறது. முன்பதிவில் இடம் இல்லையானால் முன்பதிவில்லாப் பெட்டி எந்தப் பக்கம் வரும், குழந்தையோடு இருப்பவர்கள் எத்தனை மணிக்கு நடைமேடையில் நிற்கவேண்டும், தட்கல் சாளரம் எப்போது திறக்கும், கெட்டுப்போன சீட்டை வைத்துக்கொண்டு எங்கே கேட்பது வீண் என்பவற்றையும் எழுதினேன். தாள் தீர்ந்ததும் சிலர் உள்ளங்கையை நீட்டினார்கள்.

காலை ஏழு மணிக்கு இறங்கினோம். பரமக்குடி அம்மையாரின் மூட்டைகளில் ஒன்றை நான் தூக்கிக்கொண்டேன். ரயில் நிலையத்தை அடைந்தபோது முன்பதிவுச் சாளரங்களின் முன்னே வரிசை வாயிற்படி வரையில் நின்றது. நான் முன்னர் அமர்ந்திருந்த சாளரத்தில் இப்போது இருந்தவர் எனக்கு நன்கு பழக்கமானவர். என்னைக் கண்டு, உள்ளே வரும்படி கையசைத்தார். நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அம்மையாருக்குப் பின்னால் ஒன்பதாவது ஆளாக நின்றுகொண்டேன்.